முழங்கை வலியும் கைப்பட்டையும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'டென்னிஸ் எல்போ' என்னும் முழங்கை வலி குறித்தும், அதற்கென அணியும் பட்டை குறித்தும் சில சொற்கள் கூற விழைகின்றேன். 2004ஆம் ஆண்டில் சச்சின் டெண்டுல்கரைச் சில காலம் ஆட்டத்தினின்று விலக்கி வைத்தது இவ்வலியே. எனினும், இதனால் வருந்துவோருள் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டறியாதவர்கள். துணி பிழியும் இல்லத்தரசியும், திருப்புளி முடுக்கும் தொழிலாளியும் இதற்கு ஆளாகின்றனர். நடுவயதினரிடமே இது மிகுதி.

மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் உயர்த்தும் தசைகள், முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் தசைநாணால் பிணைக்கப்பட்டுள்ளன. ஒரு பொருளை இறுகப் பற்றுந்தோறும் மணிக்கட்டை நிலைநிறுத்த அவை இழுக்கின்றன. இவ்விழுப்பு அளவுமீறித் தொடர்ந்தால் நாண் நைந்துபோகிறது. பிறகு தேநீர்க் கோப்பையைத் தூக்குவதும் துன்பமாகிறது.

பட்டையை அம்முனையின் மீதே கட்டலாகாது. அதற்கு இரண்டு விரற்கடை கீழே, முன்கைத் தசையின்மீது கட்டுதல் வேண்டும். அது தசையை அழுத்தி, இழுவிசை முழுவதும் நைந்த இடத்தைத் தாக்காமல் காக்கும் என்பதே அதன் கருத்து.

அதனால் வலு பெருகுமா? கையின் பிடிவலுவை இருவகையில் அளப்பர். வலி தோன்றும் வரை பற்றும் அளவு ஒன்று. வலியைப் பொறுத்து முழு மூச்சுடன் பற்றும் அளவு மற்றொன்று. பட்டை அணிந்தவுடன் முதல் அளவு உயர்வதைச் சில ஆய்வுகளில் கண்டுள்ளனர். அவற்றுள் இரண்டாம் அளவு பெரிதும் மாறவில்லை. ஆகவே, இருக்கும் வலுவை வலியின்றிப் பயன்படுத்தப் பட்டை துணைபுரியலாம். புதிய வலுவை அது தருவதன்று. நெடுநாட் பயன் பற்றி ஆய்வுகள் ஒருமித்து உரைக்கவில்லை.

இங்கேதான் இடர் உளது. வலி தணிந்ததும் கை குணமாயிற்றென்று மயங்கி, முன்போலவே சுமை ஏற்றுவோர் உளர். நாட்கூலியை இழக்க அஞ்சும் தொழிலாளிக்கு இம்மயக்கம் எளிதில் நேரும். இழந்த வலுவை மீட்பது படிப்படியான பயிற்சியே. உள்ளங்கை கீழ்நோக்கச் சிற்றெடையை ஏந்தி, மணிக்கட்டை மெல்லத் தாழ்த்திப் பழகுவது அவற்றுள் ஒன்று. இதனை இயன்முறை மருத்துவரிடம் கற்றல் நலம். பெரும்பாலோர்க்கு ஓராண்டளவில் இவ்வலி தானே தணிகிறது. ஆதலின் பொறுமை வேண்டும்.

பட்டை அணிந்தபின் விரல் மரத்தாலோ வீங்கினாலோ உடனே தளர்த்துக. உறங்கும்பொழுது கழற்றி வைக்க.

தாய்மார்களுக்கு ஒரு சொல். உற்றார் தொலைவிலிருக்கும் நம் இல்லங்களில், வலியை மறைத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு எல்லா வேலையும் செய்வது வழக்கமாகிவிட்டது. துணி பிழிவதையும் குடம் தூக்குவதையும் சில வாரங்கள் கணவரும் மக்களும் ஏற்கட்டும். நைந்த நாணுக்கு அவ்வோய்வு பேருதவியாகும்.