நிலத்தை விற்பதற்கு முன்னால்: பைலட் பயிற்சிப் பள்ளியைப் பார்த்துச் சேர்வது எப்படி?

(ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம். படிப்பதற்கு வசதியாகச் சற்றே சுருக்கியிருக்கிறோம்.)

பந்தல்குடியிலிருந்து பேசுறேன். விமானப்படையில் இருபது வருஷம் டெக்னீஷியனாக இருந்துட்டு ஊர் திரும்பினவன். விமானம் ஓட்டினதில்லை, பழுது பார்த்திருக்கேன். அந்த அனுபவத்தில் சொல்ற விஷயம்தான் இது.

போன வருஷம் எங்க அண்ணன் மகள் பிளஸ் டூ முடிச்சா. கணக்கு, இயற்பியல் ரெண்டிலும் நல்ல மார்க். "சித்தப்பா, நான் பைலட் ஆகணும்"னு வந்து நின்னா. மறுநாள் அண்ணன் வந்தார். "தம்பி, நாலுவழிச் சாலை ஓரத்துல இருக்கிற நாலு ஏக்கரைக் கேட்டு ஆள் வந்திருக்கான். குடுத்துரவா?" அது தாத்தா காலத்துக் கரிசல். மல்லியும் பருத்தியும் போட்டு எங்களைப் படிக்கவைத்த நிலம். "நிலத்தைத் தொடாதீங்கண்ணே, முதல்ல பிள்ளையை டாக்டர்கிட்ட காட்டுவோம்"னு சொன்னேன்.

பலரும் தலைகீழாகச் செய்யும் காரியம் இது. பணத்தைக் கட்டிவிட்டு மருத்துவச் சான்றுக்குப் போகிறார்கள். முதலில் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 சான்று. பிறகு கிளாஸ் 1. இதில்தான் கண், காது, இதயம் எல்லாம் நுணுக்கமாகப் பார்ப்பார்கள். பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனம் அப்படி ஒரு இடம். வணிக விமானிக்குக் கிளாஸ் 1 கட்டாயம். நிறக்குறைபாடு இருப்பதே சிலருக்கு அங்கேதான் தெரியவரும். சில ஆயிரங்களில் தெரிந்துகொள்ள வேண்டியதை அரைக் கோடி கட்டிய பிறகு தெரிந்துகொள்ளலாமா?

ரெண்டாவது, தேர்வுகள். வழிசெலுத்தல், வானிலை, விதிமுறை, தொழில்நுட்பம் என்று டிஜிசிஏ தாள்கள் இருக்கு. தேர்ச்சிக்கு நூற்றுக்கு எழுபது வேண்டும். ரேடியோ உரிமத் தேர்வு தனி. பறக்கும் பள்ளியில் சேருவதற்கு முன்பே வீட்டில் இருந்து படித்துத் தாள்களை எழுதலாம். பிள்ளைக்கு இது நிஜமான ஆசையா, சினிமா பார்த்து வந்த ஆசையா என்பதும் அந்தச் சில மாதங்களில் தெரிந்துவிடும்.

இனி பள்ளி. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே விமானத்துக்குப் பொறுப்பாக இருந்து ஓட்டியிருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போகிற பறத்தல், இரவுப் பறத்தல், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது எல்லாம் இந்த 200-க்குள் அடங்கணும். ஆகவே பள்ளி விற்பது வகுப்பறையை இல்லை. பறக்கும் மணி நேரத்தை.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அறுபது மாணவர்கள், ஆளுக்கு 200 மணி நேரம் என்றால் மொத்தம் 12,000 மணி நேரம். பறக்கிற நிலையில் நாலு விமானம், ஒவ்வொன்றும் மாசம் 60 மணி நேரம் பறக்குதுன்னு வையுங்க. மாசத்துக்கு 240. வகுத்துப் பார்த்தால் ஐம்பது மாசம். நாலு வருஷத்துக்கும் மேல்! விளம்பரத்தில் மட்டும் "பதினெட்டே மாதத்தில்" என்று போட்டிருக்கும். எட்டு விமானம் இருந்தாலே இருபத்தைந்து மாசம் ஆகும்.

நாங்க ஒரு பள்ளிக்குப் போனோம். பேர் வேண்டாம். கையேட்டில் பத்து விமானம். ஹேங்கரைப் பார்க்கணும்னு கேட்டேன். மூணு விமானத்தில் புரொப்பல்லர் இல்லை. ரெண்டு விமானத்தின் டயரில் காற்றே இல்லை. ஒன்றின் மேல் போர்த்திய தார்ப்பாயில் பறவை எச்சம் காய்ந்து கிடந்தது. வெளியே வந்து எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தோம். ஒரு பையன் வந்தான். நம்ம பக்கத்துப் பிள்ளைதான். "அங்கிள், சேர்ந்து பதினாலு மாசம் ஆச்சு. முப்பத்தெட்டு மணி நேரம்தான் பறந்திருக்கேன். முழுப் பணமும் கட்டியாச்சு"ன்னான். அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டார்.

ஆகவே போகிற இடத்தில் கேளுங்க. இன்றைக்குப் பறக்கிற விமானம் எத்தனை? மாணவர் எத்தனை? பயிற்றுநர் எத்தனை? சொந்தமாகப் பழுது பார்க்கும் பொறியாளர் இருக்காரா? போன வருஷம் எத்தனை பேர் உரிமம் வாங்கினாங்க? பணத்தை மொத்தமாகக் கட்டாதீங்க. பறக்கப் பறக்கத் தவணையாகக் கட்டுவது, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பது, ரெண்டையும் எழுத்தில் வாங்குங்க.

டிஜிசிஏ 2025 அக்டோபரில் முதல் முறையாகப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டது. ஏ பிளஸ், ஏ பிரிவுகளில் ஒரு பள்ளிகூட வரவில்லை. எல்லாம் பி, சி-தான். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் யாரும் முன்பணம் கட்டக்கூடாது. உத்தரப் பிரதேசத்தில் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கு. நுழைவுத் தேர்வு உண்டு, இடஒதுக்கீடும் உண்டு. அதை எழுதிப் பார்க்காமல் விடாதீங்க.

வெளிநாட்டில் சீக்கிரம் முடியும் என்பார்கள். முடியலாம். ஆனால் அந்த உரிமத்தை இந்திய உரிமமாக மாற்ற இங்கே தேர்வு எழுதணும். டாலர் ஏறினால் நம்ம கடனும் ஏறும்.

இன்னொன்று. பறக்காத மணி நேரத்தை லாக் புக்கில் எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்க. 2011-ல் போலிச் சான்றுகளோடு விமானம் ஓட்டியவர்கள் பிடிபட்டு நாடே அதிர்ந்தது. பின்னால் உட்கார்ந்து வரும் 180 பேரின் உயிர் அந்தப் புத்தகத்தில் இருக்கு.

உரிமம் கிடைத்ததும் வேலை என்று நினைக்காதீங்க. ஏர்பஸ் 320 மாதிரி ஒரு பெரிய விமானத்துக்கு டைப் ரேட்டிங் எடுக்க இன்னும் லட்சக்கணக்கில் ஆகும். ஜெட் ஏர்வேஸ் 2019-ல் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023-ல் நின்றது. கம்பெனி நின்றாலும் வங்கித் தவணை நிற்காது. ரெண்டு வருஷம் வேலை இல்லாமல் தாங்க முடியுமா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசுங்க.

டீக்கடையிலிருந்து திரும்பும்போது அண்ணன் ஒன்று சொன்னார். "பருத்தி விதை வாங்கும்போது பாக்கெட்ல இருக்கிற படத்தையா பாக்குறோம்? போன வருஷம் போட்டவன்கிட்டதானே கேப்போம். இதுல மட்டும் ஏன்டா படத்தைப் பாத்து ஏமாறப் பார்த்தோம்?" அவர் பள்ளிக்கூடமே போகாதவர். நான் முக்கால் மணி நேரம் பேசுறதை அவர் ஒரே வரியில் சொல்லிட்டார்.

இப்போ நிலைமை இதுதான். பிள்ளை ரெண்டு மருத்துவச் சான்றும் வாங்கிட்டா. வானிலைத் தாளில் தேறிட்டா. வழிசெலுத்தலில் முதல் தடவை போயிருச்சு. மறுபடி எழுதப் போறா. அகாடமி நுழைவுத் தேர்வுக்கும் படிக்கிறா. கிடைக்கலைன்னா ரெண்டு ஏக்கரை அடமானம் வைத்து, தவணையில் பணம் வாங்குற பள்ளியில் சேர்ப்பது என்று முடிவு. மீதி ரெண்டு ஏக்கரைத் தொடுவதில்லை. அதை அவளே சொன்னா. "நான் கீழ இறங்க ஒரு இடம் வேணும்ல சித்தப்பா"ன்னு.

உங்க வீட்டுப் பிள்ளைக்கும் இந்த ஆசை இருந்தால் தடுக்காதீங்க. கூடப் போய் ஹேங்கரைப் பாருங்க, டீக்கடையிலும் உட்காருங்க.