இல்லறத்தாரும் தற்காப்பும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி போற்றி!



வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, தமிழாசிரியப் பணியின் பொருட்டுக் கடையநல்லூருக்குச் சென்று, ஓய்வு பெற்ற பின்னும் அவ்வூரிலேயே தங்கிவிட்டவன் நான். அங்கிருந்து சங்கரன்கோவில் வழியாகக் கிழக்கே சென்றால் கழுகுமலை. அம்மலைப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ள தீர்த்தங்கரர் திருமேனிகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சென்று வணங்கி வருவேன். அத்திருமேனிகளுள் எதன் கையிலும் படைக்கலம் இல்லை. இது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால், சென்ற முறை நான் அவற்றின் முன் நின்றபோது, என் சட்டைப் பையில் துப்பாக்கி உரிமத்திற்கான விண்ணப்பத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

எங்கள் வீடு ஊரின் மேற்கு ஓரத்தில், மலையைப் பார்த்தபடி தோப்புகளுக்கு நடுவே உள்ளது. பிள்ளைகள் இருவரும் வெளியூரில். நானும் என் துணைவியாரும் மட்டுமே. ஓர் இரவு இரண்டு மணியளவில் பின்கதவின் தாழ்ப்பாளை யாரோ நெம்பும் ஓசை கேட்டது. விளக்கைப் போட்டு உரக்கக் கூவினேன். ஓடும் காலடி ஓசை கேட்டது, அவ்வளவுதான். பொருள் ஒன்றும் போகவில்லை, தூக்கம்தான் போயிற்று. அதன்பின் பல நாள் என் துணைவியார் மாலை ஆறு மணிக்கே கதவுகளை அடைத்துவிடுவார். செய்தியறிந்து வந்த என் மைத்துனர், "அத்தான், இந்தக் காலத்தில் அகிம்சை பேசினால் ஆகாது, ஒரு துப்பாக்கிக்கு எழுதிப் போடுங்கள்" என்றார். அவர்தாம் அந்தத் தாளையும் கொண்டுவந்து தந்தார்.

அவர் சொன்னதைத் தவறென்று நான் எளிதில் ஒதுக்கிவிடவில்லை. 2024 நவம்பரில் பல்லடம் அருகே பண்ணை வீட்டில் தாய், தந்தை, மகன் என மூவர் கொல்லப்பட்டனர். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் முதிய தம்பதியர் கொலையுண்ட செய்தி வந்தது. தனித்து வாழும் முதியோரின் அச்சம் வெறுங்கற்பனை அன்று.

சட்டம் என்ன சொல்கிறது? தற்காப்பு உரிமையைச் சட்டம் ஏற்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலும் உள்ள பிரிவுகள் அதற்குரியவை. ஆனால், தற்காப்பிற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்தலை அச்சட்டம் ஏற்பதில்லை. ஓடுகின்றவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்லித் தப்புவது அரிது.

துப்பாக்கி வைத்திருப்பதோ அவ்வாறான உரிமை அன்று. அரசு ஆராய்ந்து தரும் உரிமம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும் காவல்துறை விசாரணையையும், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும், பத்திரமாகப் பூட்டிவைக்கும் பொறுப்பையும் வலியுறுத்துகின்றன. 2019இல் செய்த திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. தேர்தல் வந்தால் அவற்றையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

சரி, நம் அறம் என்ன சொல்கிறது? "சமணன் கையில் ஆயுதமா?" என்ற ஒரே கேள்வியில் சிலர் இதனை முடித்துவிடுவர். நம் நூல்கள் அவ்வளவு எளிதாக முடிக்கவில்லை. ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த அறுதொழில்களுள் முதலில் நிற்பது 'அசி' எனும் வாள் தொழில். சிரவணபெளகொளாவில் பாகுபலியின் பேருருவை எழுப்பிய சாமுண்டராயர், கங்க மன்னரின் படைத்தலைவர். இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பகுத்த நம் ஆசான்கள், மனம் துணிந்து செய்யும் சங்கல்பி இம்சையை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும் என்றனர். தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேரும் விரோதி இம்சையை, முழுதும் துறக்க இயலாதவன் என்று கருதி, இல்லறத்தானுக்குத் தளர்த்தினர். துறவிக்கு மகாவிரதம், நமக்கு அணுவிரதம். ஆகவே, கொல்ல வருபவனைத் தடுத்தல் பாவம் என்று எவரும் உங்களை அச்சுறுத்த வேண்டுவதில்லை.

அப்படியாயின் அத்தாளை நான் நிரப்பியிருக்கலாமே? அங்கேதான் என் மனம் தயங்கிற்று. தயக்கத்திற்கு முதற்காரணம் எங்கள் பகுதியிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி. 2019 ஆகஸ்ட் 11 இரவு. கடையம் அருகே கல்யாணிபுரத்தில் ஒரு முதியவர் தம் வீட்டு வாசலில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். முகமூடி அணிந்த ஒருவன் பின்புறமாக வந்து அவர் கழுத்தில் துணியைப் போட்டு இறுக்கினான். கூச்சல் கேட்டு வெளியே வந்த அவருடைய மனைவி, கையில் கிடைத்தவற்றையெல்லாம் எடுத்து எறிந்தார். பிடி தளர்ந்ததும் கணவரும் எழுந்து சேர்ந்துகொண்டார். அரிவாளோடு நின்ற இருவரை அந்த முதியவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டே விரட்டினர். அம்மையாருக்குக் கையில் காயம் ஏற்பட்டது. கழுத்துச் சங்கிலியும் பறிபோயிற்று. ஆயினும் உயிர் தப்பினர். அவ்வாண்டு விடுதலை நாளன்று அரசு அவர்களுக்குத் துணிவுக்கான விருது வழங்கியது. கண்காணிப்புக் காமிராவில் பதிவான அக்காட்சியை நாடே பார்த்தது.

அக்காட்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். அந்த வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று இருந்திருந்தால்? சட்டப்படி அது பூட்டிய பெட்டிக்குள் இருந்திருக்கும். கழுத்து இறுகும்போது சாவி தேட முடியுமா? தாக்க வருபவன் தன் நேரத்தைத் தானே தேர்ந்துகொள்கிறான்; நாம் தேர்வதில்லை. ஆபத்து வேளையில் பயன்பட வேண்டுமாயின் துப்பாக்கி எப்போதும் குண்டு நிரப்பி, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பேரக்குழந்தையின் கைக்கும் அது எட்டும். சினம் கொண்டவன் கைக்கும் எட்டும். வாழ்வை வெறுத்தவன் கைக்கும் எட்டும்.

இது வெறும் ஊகமன்று. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரைச் சுட்டவர் முன்பின் அறியாத திருடர் அல்லர். நெடுங்காலம் உடன் நடித்த எம்.ஆர். ராதா. பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தனர், எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வாய்ச்சொல் வேறுபாட்டோடு முடிந்திருக்கக்கூடிய ஒரு சந்திப்பு, துப்பாக்கி இருந்ததால் அவ்வாறு முடிந்தது. மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் மிகுந்த நாடான அமெரிக்காவில், 2021இல் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். வெளியே இருந்து வரும் பகைவனுக்காக வாங்கிய கருவி, உள்ளே இருப்பவர் உயிரையே மிகுதியாகக் கொண்டுபோகிறது.

வள்ளுவர் வெகுளாமையை 31ஆம் அதிகாரமாகவும், இன்னாசெய்யாமையை 32ஆவதாகவும், கொல்லாமையை 33ஆவதாகவும் வைத்தார். முதலில் சினம், பின்பு தீங்கு, அதன்பின் கொலை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல மனிதனுக்குச் சிறிது பொழுது வேண்டும். அந்தப் பொழுதில் அவன் திருந்தவும் கூடும். துப்பாக்கி அந்தப் பொழுதைத்தான் பறித்துவிடுகிறது.

நம் குணவிரதங்களுள் ஒன்றான அனர்த்ததண்ட விரதம், கொலைக்கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பதை 'இம்சாதானம்' என்று விலக்குகிறது. கருவி நம் வீட்டில் இருக்கும்வரை அது யார் கைக்குப் போகும் என்பதற்கும் நாமே பொறுப்பு. மேலும், தலைமாட்டில் துப்பாக்கியை வைத்துப் படுப்பவன், நாள்தோறும் யாரோ ஒருவனை மனத்தில் சுட்டுப் பார்த்துக்கொண்டே உறங்குகிறான். ஆபத்து ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். அந்த எண்ணமோ எல்லா நாளும் இருக்கும். விரோதி இம்சை என்று தொடங்கியது, இவ்வாறு சிறிது சிறிதாகச் சங்கல்பி இம்சையாக மாறிவிடுகிறது. என்னைத் தடுத்தது இதுதான்.

கழுகுமலையில் பார்சுவநாதர் திருமேனியின் முன் அன்று நெடுநேரம் நின்றேன். கமடன் இடையூறு செய்தபோது தரணேந்திரன் வந்து தன் படத்தை விரித்துக் காத்தான். தாக்கியவனைக் கொத்தவில்லை, காக்கப்படுபவரைக் கவிந்துகொண்டான். காத்தலுக்கு இப்படியும் ஒரு வழி உண்டு என்று தோன்றிற்று.

வீட்டுக்குத் திரும்பியதும் செய்தவற்றைச் சொல்கிறேன். பின்கதவுக்கு இரும்புக் கிராதி போட்டோம். வாசலிலும் கொல்லையிலும் இரவு முழுதும் எரியும் விளக்கு வைத்தோம். பக்கத்துத் தோப்புக்காரர் நால்வரோடு பேசி, ஒரு வீட்டில் ஓசை எழுந்தால் மற்றவர் அனைவரும் விளக்கைப் போட்டுக் குரல் கொடுப்பது என்று முடிவு செய்தோம். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுப் போகிறோம். எல்லாவற்றிற்கும் மேலாக, என் துணைவியாரே முன்வந்து, வீட்டிலிருந்த நகைகளை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டார். பரிக்கிரக பரிமாணம் என்று நாம் விரதமாகச் சொல்வது, தற்காப்பாகவும் அமைகிறது. திருடன் நம்மைத் தேடி வருவதில்லை. நம் பீரோவைத் தேடி வருகிறான்.

இவற்றால் அச்சம் முற்றும் நீங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். நாய் குரைத்தால் இன்றும் எழுந்து உட்காருகிறேன். மலையடிவாரத்தில் தன்னந்தனியே வாழும் உழவர் ஒருவர் உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருந்தால் அவரைப் பழிக்கவும் மாட்டேன். அவர் இரவை நான் வாழவில்லை. என் வீட்டுக்கு எது தகும் என்பதை மட்டுமே நான் முடிவு செய்தேன். மைத்துனர் இன்னும் என்னோடு உடன்படவில்லை. அந்தத் தாளைக் கிழித்தெறியாமல் அவரிடமே திருப்பித் தந்துவிட்டேன்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஊரில் தனியே இருக்கும் உங்கள் பெற்றோரின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, எந்தக் கருவி வாங்கலாம் என்பதை முதலில் கேளாதீர்கள். நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்கு அவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். அவர்கள் அண்டை வீட்டாரின் எண்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அறம் வளர்க!