ஐந்து விரலும் விரித்த கை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கிற சட்ட வல்லுநர்களே, உத்திரமேரூர்ப் பெருமக்களே, தாய்மார்களே!

"நுகர்வோரைப் பெரிதும் காப்பது சட்டமா? விழிப்புணர்வா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால பேசிய அம்மையார் சட்டப் புத்தகத்தையே மேடைக்குக் கொண்டாந்துட்டாங்க. 1986லே சட்டம் வந்தது, 2019லே புதுச் சட்டம் வந்தது, 2020 ஜூலையிலே நடைமுறைக்கும் வந்தது. எல்லாம் உண்மை. நான் மறுக்கல. ஆனா ஐயா, அந்தச் சட்டம் என் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்ததுன்னு சொல்றேன், கேளுங்க.

மடியிலே கனமில்லேன்னா வழியிலே பயமில்லேம்பாங்க. என் மக மடியிலே ஏறினது 42 ஆயிரம் ரூபாய் கனம். மடிக்கணினி! வீட்டிலிருந்தே வேலை, அதுதான் அவளுக்கு அலுவலகம். பதினோராவது மாசம், பேசிக்கிட்டிருக்கும்போதே தானா அணைஞ்சு போச்சு. ஒரு வருஷ வாரண்டி இருக்கு, கவலை எதுக்குன்னு சென்னைக்குப் பஸ் ஏறினேன். சர்வீஸ் சென்டர்ல கொடுத்தேன். ஒரு டோக்கன் கொடுத்தாங்க. வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

பத்து நாள் கழிச்சு போன். "சார், உள்ளே ஈரம் பட்டிருக்கு. வாரண்டி செல்லாது. மதர்போர்டு மாத்தணும், 28 ஆயிரம்." வீட்டுக்காரி கேட்டா: "இந்தக் கோடையிலே நம்ம வீட்டுக் குழாயிலேயே ஈரம் இல்லே, அதுக்குள்ளே மட்டும் எப்படிங்க வந்துச்சு?" (சிரிப்பு, கைதட்டல்)

அன்னைக்கு ராத்திரிதான் வாரண்டி அட்டையை எடுத்துப் படிச்சேன். வெட்கமா இருந்துச்சுங்க. இந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்திலே 919லேயும் 921லேயும் பராந்தக சோழன் காலத்திலே வெட்டின எழுத்தை, எழுத்துக் கூட்டி வகுப்பிலே நடத்துறவன் நான். டாக்டர் பட்டம் வேற! இரண்டு பக்க வாரண்டி அட்டையைப் பதினோரு மாசமாப் படிக்கல.

அந்தக் கல்வெட்டு என்ன சொல்லுது? கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்கு வரக்கூடாது, அவன் உறவுக்காரனும் வரக்கூடாதுங்குது. சட்டம் அதோட முடிஞ்சுதா? இல்லே. குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டணும். ஒண்ணும் அறியாத பிள்ளை ஓலையை எடுக்கணும். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரிச்ச உள்ளங்கையிலே வாங்கணும். வாங்கி, உரக்க வாசிக்கணும். ஏன்? சட்டம் எழுதினவங்களுக்கே தெரியும் ஐயா, பார்க்கிற கண்ணு இல்லேன்னா சட்டம் வெறும் கல்லுன்னு!

மறுபடி போனேன், மகளோட. எனக்கு முன்னால ஒரு பெரியவர், கையில மஞ்சப் பை, அதுக்குள்ளே அவர் மக படிக்கிற லேப்டாப். அவருக்கும் அதே பதில்: "ஈரம் பட்டிருக்கு." அவர், "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் தம்பி"ன்னு சொல்லிட்டு, பையைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டார்.

என் முறை வந்தது. "தம்பி, என் கண் முன்னால திறங்க. ஈரம் எங்கேன்னு காட்டுங்க. அதை எழுத்திலே கொடுங்க"ன்னேன். "எழுத்திலே தர்றதில்ல சார்"னாங்க. திறந்தாங்க. கறை எதுவும் கண்ணுல படல. என் மக போட்டோ எடுத்தா. வீட்டுக்கு வந்து, பில் நகல், வேலை கொடுத்த தேதி, சொன்ன பதில், போட்டோ எல்லாம் வச்சு, கம்பெனிக்கு ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால். 15 நாள் கெடு. பழுது நீக்கலேன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்னு கடைசி வரி. மூணு வாரத்திலே புது மதர்போர்டு, ஒரு பைசா செலவில்லாம.

எதிரணி கேட்கும்: "அந்தக் கடைசி வரி சட்டம்தானே?" ஆமாங்க, சட்டம்தான். நாம குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் இல்லாம நாமே பேசலாம். 5 லட்ச ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமே இல்லே. இரண்டு வருஷத்துக்குள்ளே போடணும். 1915ன்னு போன் போட்டா தேசிய நுகர்வோர் உதவி மையம். அத்தனையும் நமக்காக இருக்கு.

ஆனா நடுவர் அவர்களே, ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். அந்த மஞ்சப் பைக்காரருக்கும் இதே சட்டம்தானே? ஒரே கவுண்டர், ஒரே பதில், ஒரே சட்டம். எனக்கு வேலை செஞ்சது, அவருக்கு ஏன் செய்யல? நான் கேட்டேன். அவர் கேட்கல. அவருக்குக் கேட்கலாம்னே தெரியாது.

இன்னொன்னையும் சொல்லிடணும். அவர் பின்னாலேயே நின்னவன் நான். "ஐயா, 1915க்குப் பேசுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் லேப்டாப் கவலையிலே சொல்லல. என் மக வேலை தப்பிச்சது. அந்தப் பொண்ணு படிப்பு என்ன ஆச்சோ, இன்னைக்கும் மனசு உறுத்துது. விழிப்புங்கிறது நான் மட்டும் விழிச்சிருக்கிறது இல்லீங்க, பக்கத்திலே நிக்கிறவரை எழுப்புறதும்தான்.

சட்டம் குடம், ஓலை உள்ளே கிடக்கு. அதை எடுத்து, ஐந்து விரலும் விரிச்சுக் காட்டி, உரக்க வாசிக்கிற கை வேணும். அந்தக் கை விழிப்புணர்வு. ஆகவே, நுகர்வோரைப் பெரிதும் காப்பது விழிப்புணர்வே எனத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.