கோ: ஒரு சொல்லும் ஒரு சுருக்கமும்



தனி ஓர் எழுத்தே சொல்லாகி நின்று பொருள் தருவதை ஓரெழுத்தொருமொழி என்பது இலக்கண மரபு. பவணந்தி முனிவர் நன்னூலில் அத்தகைய சொற்களை 42 எனத் தொகுத்தார். அவற்றுள் 40 நெடில். நொ, து ஆகிய இரண்டு மட்டுமே குறில். ககர வருக்கத்தின் பங்கு நான்கு: கா, கூ, கை, கோ. இந்நான்கனுள் இறுதியில் நிற்கும் 'கோ' என்பதே இவ்வுரையின் பொருள். புள்ளியின்றி எழுதினால் அது சொல். பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது சுருக்கம். இரண்டும் ஓசையால் ஒன்று. ஆயினும் இரண்டும் பொருள் பெறும் வழி வேறு.

முதலில் சொல். திவாகரம் முதலிய நிகண்டுகள் ஒருசொற் பல்பொருட் பெயர்த்தொகுதி எனத் தனிப்பகுதியே வகுத்துள்ளன. நிகண்டுகளும் தமிழ் லெக்சிகனும் கோ என்பதற்குத் தரும் பொருள்களை ஒருங்கு வைத்தால், அரசன், குயவன், பசு, எருது, வானுலகம், பூமி, திசை, கண், நீர், அம்பு, மலை என அது நீண்டு செல்லும். இதனைக் கண்டு ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா என வியப்பது எளிது. உண்மையில் இங்கே ஒரு சொல் மட்டும் இல்லை. அரசனைக் குறிக்கும் கோ தமிழுக்கே உரியது. பசுவையும் அதனோடு வரும் பலவற்றையும் குறிக்கும் கோ வடசொல். கோமகன் என்னும்போது வல்லோசையும், கோசாலை என்னும்போது மெல்லோசையும் பேச்சில் கேட்கின்றன. தமிழ் எழுத்து இரண்டுக்கும் ஒரே வரிவடிவைத் தருவதால், செவி பிரித்தறிவதைக் கண் பிரிப்பதில்லை. இவற்றோடு வினைச்சொல்லாகிய கோ ஒன்றும் உண்டு. நூலில் மணியையும் ஊசியில் நூலையும் கோப்பது அது. துயரம் தாங்காமல் கோவெனக் கதறும்போது எழும் கோ பெயருமன்று, வினையுமன்று, வெறும் ஒலிக்குறிப்பு.

அரசனுக்கும் குயவனுக்கும் ஒரே சொல் என்பதில் நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. புறநானூற்றின் 228 ஆம் பாடல், சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. புலவர் அதில் இறந்த வேந்தனை அழைக்கவில்லை. ஈமத்தாழி வனையும் குயவனை அழைக்கிறார். புகழால் அத்தனை பெரியவனைக் கவிப்பதற்கு எத்துணைப் பெரிய தாழி வேண்டும், அதனை உன்னால் வனைய முடியுமா என இரங்குகிறார். அவ்விளியில் அவர் பயன்படுத்தும் சொல் கோ. அரசன் மறைந்த பாட்டில் கோ எனக் கேட்டவுடன் நெஞ்சு அரசனிடமே செல்லும். கலம் செய்தல் என்னும் தொழிலைப் புலவர் அச்சொல்லுக்கு முன்னே வைத்தமையால், அது திரும்பிக் குயவனிடம் வந்து சேர்கிறது. வேந்தன் இல்லாத ஊரில் கோ என அழைக்கப்படுவதற்கு எஞ்சியிருப்பவன் சூளையருகே நிற்கும் அந்த ஏழைத் தொழிலாளி. இதனைப் புலவர் எண்ணிச் செய்தாரா என்பதற்குச் சான்று இல்லை. செய்யவில்லை எனினும் சொல் செய்துவிட்டது.

256 ஆம் பாடலும் குயவனை நோக்கியதே. பாடியவர் பெயர் தெரியவில்லை. கணவனோடு வழிவந்து அவனை இழந்தவள் ஒருத்தி, வண்டிச் சக்கரத்தின் ஆரத்தைப் பற்றிக்கொண்டு சுரம் பல கடந்து வந்த பல்லியைப் போலத் தன்னை உணர்கிறாள். தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையும்படி வேண்டுகிறாள். இங்கும் அதே விளி, அதே கோ. ஆயின் இப்பாட்டில் அரசன் பொருளின் நிழல் விழுவதற்கு இடமில்லை. சொல் ஒன்றேயாயினும் அருகில் நிற்கும் சொற்கள் மாறியதும் அதன் கனம் மாறிவிட்டது.

காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் ககர வருக்கத் தனிப்பாடலையும் கவிஞர்கள் நன்கறிவர். பகலில் கூகையைக் காக்கை வெல்லும். இரவில் காக்கையைக் கூகை வெல்லும். தன் நிலத்தைக் காக்கும் மன்னன் காலம் பார்த்துக் கொக்கைப் போலக் காத்திருக்கவேண்டும் என்பது கருத்து. வேறு வருக்கத்து எழுத்து எதுவும் புகாத அப்பாட்டில் கோ அரசனாகவும் அதனையடுத்த கு புவியாகவும் நிற்கின்றன. விளையாட்டுப் பாட்டுத்தான். எனினும் இரண்டு ஓரெழுத்துச் சொற்கள் ஒன்றையொன்று தாங்கி நின்று பொருளை நிறுத்துவதற்கு அதனினும் சிறந்த சான்று காண்பது அரிது. சிலேடைக் கவிஞரே ஆயினும், ஒரு சொல்லைப் பலபொருள் பட விடுவதும் ஒருபொருளில் நிறுத்துவதும் அண்டைச் சொற்களைக் கொண்டே.

இனி, சொல் மெல்ல மெல்லச் சுருக்கமாகும் இடம். கோவும் இல்லும் சேர்ந்தது கோயில். ஓகாரத்தின்பின் வகரம் வருவதே பொதுவிதி. அதன்படி கோவில் என்றே ஆகவேண்டும். வழக்கோ பெரிதும் யகரத்தின் பக்கமே நிற்கிறது. புலவர்கள் இதுபற்றி ஆண்டாண்டாக வாதிடுவர். மக்கள் இரண்டையும் எழுதிக்கொண்டே செல்வர். அரசன் மனை எனத் தொடங்கிய இச்சொல் சிலப்பதிகாரத்தில் அரண்மனையைக் குறிக்கிறது. பின்னர் அது இறைவன் உறைவிடம் ஆயிற்று. அதன்பின் நிகழ்ந்ததே கருதத்தக்கது. ஊர்ப்பெயர் எதுவுமின்றிக் கோயில் என்று மட்டும் சொன்னால் வைணவர்க்கு அது திருவரங்கம், சைவர்க்குத் தில்லை. கோயிலொழுகு என்னும் நூல் திருவரங்கத்தின் வரலாறு. உமாபதி சிவம் இயற்றிய கோயிற்புராணம் தில்லையின் புராணம். நூற்பெயர்களை மட்டும் கண்டு ஒரே தலத்தைப் பற்றியவை என எண்ணுபவர், ஏறத்தாழக் கொள்ளிடக் கரைக்கும் தில்லைவனத்துக்கும் இடைப்பட்ட தொலைவு தவறியவராவர். இங்கே பொருளை நிறுத்துவது அண்டைச் சொல் அன்று. சொல்பவர் எந்தக் கூட்டத்தார் என்னும் அறிவு. சுருக்கத்தின் இயல்பும் இதுவே.

கல்வெட்டிலும் இதே இடர் உண்டு. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையில் உள்ள தமிழ்ப்பிராமிக் கல்வெட்டு, சேரர் குடியின் மூன்று தலைமுறைகளைச் சொல்கிறது; அங்கே கோ என்பது ஆதன் செல்லிரும்பொறை என்னும் பெயரின் முன் நிற்கிறது. பெயர் உண்டு, ஆள் தெரிகிறது. சோழர் கல்வெட்டுகள் பலவற்றிலோ கோவின் பின் வருவது இராசகேசரி அல்லது பரகேசரி என்னும் பட்டம் மட்டுமே. சோழர் இவ்விரு பட்டங்களையும் ஒருவர் விட்டு ஒருவராகச் சூடினர். முதலாம் இராசராசன் இராசகேசரி. அவன் மகன் இராசேந்திரன் பரகேசரி. மன்னன் பெயர் பொறிக்காமல் கோ இராசகேசரியின் ஐந்தாம் ஆட்சியாண்டு எனச் செதுக்கியவர்க்கு அதில் குழப்பமே இல்லை. அன்று அரியணையில் இருந்தவன் யார் என்பதை ஊரே அறியும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 13 ஆம் தொகுதி இராசகேசரி என்னும் பட்டம் தாங்கியவற்றுக்கும், 19 ஆம் தொகுதி பரகேசரி என்னும் பட்டம் தாங்கியவற்றுக்கும் எனத் தனித்தனியே அமைந்துள்ளன. எழுத்தமைதியையும் கல்வெட்டில் வரும் அதிகாரிகளின் பெயர்களையும் கொண்டே ஆய்வாளர் மன்னனைத் தேடவேண்டியுள்ளது. கோநேரின்மைகொண்டான் என்னும் பட்டமோ சோழர், பாண்டியர் இருசாராரும் சூடியது. தனக்கு நிகரில்லை எனப் பறைசாற்றும் அப்பட்டத்தைக் கொண்டு இன்ன மன்னன் எனத் துணிய இயலவில்லை என்பதில் ஒரு நகைச்சுவை இல்லாமல் இல்லை.

கோவை என்பதற்கு வருவோம். கோத்தல் வினையிலிருந்து வந்த கோவை, அகப்பொருள் துறைகளை மாலைபோல் தொடுக்கும் சிற்றிலக்கிய வகை. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரை அறியாதார் இவ்வவையில் இலர். வேலியில் படர்ந்து செங்கனி பழுக்கும் கொடியும் கோவை; அதன் கனியை இதழுக்கு உவமையாக்காத பழங்கவிஞர் குறைவு. கோயம்புத்தூரின் மரூஉவும் கோவை. நூல், கொடி, நகர் என மூன்றும் நடுவே முட்டாமல் வாழ்வதற்குக் காரணம், அவை வரும் இடங்கள் வேறு வேறாக இருப்பதே.

அந்நகரின் பெயர் மேலும் சுருங்கி ஓரெழுத்தான வரலாறு இலக்கிய மேடைகளில் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டியது அது. 1912 இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கரும்பு அங்கு நன்கு பூத்து விதை பிடிக்கும் என்பதே அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் 'வெள்ளை' என்னும் கரும்பை நாணலோடு இணைத்துப் பெற்ற இனம் கோ 205. 1918 இல் அது பஞ்சாபுக்காக வெளியிடப்பட்டது. ஆற்றங்கரையில் யாரும் நட்டு வளர்க்காத நாணலின் வலிமை வடநாட்டு வயலை எட்டியது. கூடவே தென்னாட்டு ஊர் ஒன்றின் முதலெழுத்தும் சென்றது.

வெளியூர் நிலையங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட இனங்களுக்கு அவ்வூரின் எழுத்தும் கோவின்பின் சேரும். கடலூருக்கு ஆங்கில எழுத்து சி, சிறுகமணிக்கு எஸ்.ஐ. ஆங்கிலத்தில் இரண்டும் தெளிவாக வேறுபடும். ஒலியைப் பின்பற்றித் தமிழில் எழுதினாலோ இரண்டும் 'கோசி' ஆகிவிடும். பின்வரும் எண்ணே காப்பாற்றவேண்டும். எண்ணுக்குள்ளும் ஒரு சுருக்கம் உண்டு: தமிழ்நாட்டில் மிகுதியாகப் பயிரான கோ 86032 என்பதன் முதல் இரண்டு இலக்கங்கள் 1986 ஆம் ஆண்டைக் குறிப்பன. கரும்பு மட்டுமா? வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2013 இல் வெளியிட்ட நெல் கோ 51. பப்பாளியிலும் கோ 2 உண்டு, நெல்லிலும் உண்டு. பயிரின் பெயரைச் சொல்லாமல் கோ 2 என்பவர், மன்னன் பெயரைச் சொல்லாமல் கோ இராசகேசரி எனச் செதுக்கியவரின் வழித்தோன்றலே. விதைக்கடையில் நிற்கும் உழவர்க்கு அது பொருட்டன்று. எதிரில் இருப்பவர் எப்பயிரைச் சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியும். நூறாண்டு கழித்து ஒரு பழங்குறிப்பேட்டைப் பிரிப்பவர்க்குத் தெரியுமா?

கடைப்பலகைகளில் உள்ள 'அண்ட் கோ'வை விட்டுவிட மனமில்லை. அது கூட்டாளிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். தமிழ்ப் பேச்சில் அது நகையாகி, ஒருவரைச் சுற்றித் திரியும் கூட்டமெல்லாம் 'அண்ட் கோ' ஆயிற்று. தனித்து நிற்பவன் கோ என்னும் பழம்பொருளுக்கு இது நேர் எதிர்.

இறுதியாகத் தலைப்பெழுத்து. உ.வே.சா. என்னும் மூன்றெழுத்தில் உத்தமதானபுரம் என்னும் ஊரும் வேங்கடசுப்பையர் என்னும் தந்தையும் சாமிநாதர் என்னும் மகனும் உள்ளனர். க.நா.சு.வின் ககரம் கந்தாடை என்பதைக் கவிதை படிப்போரிலும் எத்தனைபேர் உடனே சொல்வர்? இவ்விருவரும் புகழ்பெற்றோர், விரிவைத் தேடி எழுதிவைக்க ஆள் உண்டு. மற்றவர் நிலை வேறு. கோவிந்தன் மகனுக்கு ஒரு சான்றிதழில் தலைப்பெழுத்து ஜி., இன்னொன்றில் கோ. தமிழிலேயே தலைப்பெழுத்து இடவேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021 இறுதியில் ஆணையிட்டது. மொழிக்கு அது நன்று. ஆயினும் பழைய இதழில் ஜி. எனக் கவிதை எழுதியவரும் புதிய இதழில் கோ. என எழுதுபவரும் ஒருவரே என்பதைப் பின்வருவோர்க்கு யார் சொல்வது? தாய் கோமதியின் பெயரைச் சூடியவரும் அதே பக்கத்தில் அதே கோவாக நிற்பார். எழுதியவரின் இயற்பெயரும் ஒத்திருந்துவிட்டால் இருவர் கவிதைகளும் ஒருவர் கணக்கில் சேரும். ஒருவர் இல்லாமலே போவார்.

இலக்கிய அமைப்புகளின் மலர்களில் கவிதையின் அடியில் அச்சாவது பெரும்பாலும் ஒரு பெயரும் அதன்முன் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமே. அவ்வெழுத்துக்கு அண்டைச் சொல் இல்லை. ஐயூர் முடவனார் கோவின் முன் வைத்ததுபோல ஒரு துணைச்சொல்லை இங்கும் வைக்கலாம்: மலரின் இறுதியில், எழுதியோர் அட்டவணையில், ஒவ்வொரு தலைப்பெழுத்தின் விரிவும் ஊரும் ஒருமுறை அச்சாகலாம். இரண்டு பக்கம் கூடும். தாளின் செலவும் சிறிது கூடும். முதலாண்டுக் கூட்டங்களில் கவிதை படித்தவர்களுள் பலர் இன்று இவ்வவையிலேயே அமர்ந்துள்ளனர். அட்டவணை அச்சுக்குச் செல்வதற்குமுன் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.