துகிரும் பாரும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஏலமலை அடிவாரத்துத் தேவாரத்தில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவதா என்று தலைப்பைக் கேட்ட தோழியர் சிலர் நகைத்தனர். புறநானூற்றின் 218 ஆம் பாடலில், வெவ்வேறிடத்துப் பிறந்த பொன்னும் துகிரும் முத்தும் மலைமணியும் ஓர் அணிகலத்தில் கூடுவதைச் சான்றோர் நட்புக்கு உவமையாக்கினார் கண்ணகனார். அத் துணிவே எனக்கும் துணை.

அவர் சொன்ன துகிர் அணிகலனுக்குரிய செம்பவளம். மன்னார் வளைகுடாவில் பாறைத் திட்டுகளை எழுப்பியவை வேறு, அவை கல்பவளங்கள். மீனவர் அத்திட்டைப் ‘பார்’ என்பர். முத்துப்பார் என்ற வழக்கும் அதுவே. கடுகினும் சற்றே பெரிய உயிர், சுண்ணாம்பைச் சுரந்து தனக்கு இல்லம் அமைக்கிறது. அதன் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து, வெயிலை உணவாக்கி வீட்டுக்காரருக்கும் பங்கு தருகிறது. நிறமும் பாசியின் கொடையே. கடல்நீர் அளவுக்கு மேல் சூடேறி வாரக்கணக்கில் தணியாது நின்றால் பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும். வெளுத்தது இறந்ததாகாது. சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும். தணியாவிடில் பட்டினியால் மடியும்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் சூழ்கடலும் 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வெட்டியெடுத்தனர். 2001 இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்ந்தது. 2005 அளவில்தான் வெட்டுதல் நின்றது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த முனைவர் ஜே. கே. பாட்டர்சன் எட்வர்டும் அவர் குழுவினரும் தீவுதோறும் நீரில் மூழ்கி எண்ணினர். ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் பார்ப்பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் சிதைந்துவிட்டதென அவர்கள் கண்டனர். வெட்டுதல் நின்றபின் உயிர்ப்பவளம் தழைத்தது. பின்னர் 2010 இலும் 2016 இலும் கடல் கொதித்தது. 2016 இல் மட்டும் உயிர்ப்பவளப் பரப்பு 38.9 விழுக்காட்டிலிருந்து 22.7 விழுக்காடாயிற்று. கடப்பாரையைச் சட்டத்தால் தடுத்தோம்; வெப்பத்தை எந்தச் சட்டத்தால் தடுப்பது?

மீனுக்கும் பவளத்துக்கும் உள்ள உறவை இலட்சத்தீவில் ஆராய்ந்தவர் கடல் சூழலியலாளர் ரோகன் ஆர்தர். 1998 இன் பெருவெளுப்பு முதல் அவரும் உடன் ஆய்வாளர்களும் அப்பார்களைத் தொடர்ந்து நோக்கி வருகின்றனர். அங்கே 1960களில் அரசு ஊக்குவித்ததால், தூண்டிற்கழி கொண்டு சூரை மீன் பிடிக்கும் தொழில் மினிக்காய்க்கு அப்பாலும் பரவிற்று. சூரை திரிவது ஆழ்கடலில். ஆகவே பார்மீன்கள் பெரும்பாலும் தப்பின. கிளிமீன் போன்றவை பாசியை மேய்ந்தால்தான் இளம்பவளம் பற்றிக்கொள்ள இடம் கிடைக்கும். மேய்வோர் குறைந்தால் பாசி மூடிவிடும். மீன்பிடியின் திசை ஒரு பாரின் தலைவிதியையே மாற்றும் என்பதை இங்குக் காண்கிறோம். எனினும் வெளுப்பு அடுத்தடுத்து வந்ததால் அகத்தி, கடமத்து, கவரத்தி ஆகிய மூன்றிடங்களிலும் சேர்த்து 1998 இல் 37 விழுக்காடாயிருந்த பவளப்பரப்பு 2022 இல் 19 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. 2024 கோடையில் மீண்டும் வெளுத்தது. அதே கோடையில்தான் இடுக்கித் தோட்டங்களில் ஏலச்செடி கருகிற்று. கூலி இழந்து இறங்கி வந்தோர் இவ்வவையிலும் இருக்கக்கூடும்.

பூங்கா என்று வேலியிட்டால் அங்குப் பிழைத்தோர் எங்கே செல்வது? சாக்கலூத்து மெட்டுச் சாலை கேட்டு அலைந்த நமக்கு வனத்துறை அனுமதி என்ற சொல் புதிதன்று. காடு வேண்டும் என்பாரும் சாலை வேண்டும் என்பாரும் ஒரே வீட்டில் உண்டு. என் வீட்டிலும் உண்டு. பாம்பன் அருகே சின்னப்பாலத்துப் பெண்கள், தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி பறித்து வாழ்பவர்கள். தடையும் தண்டமும் வந்தபோது அவர்கள் தாமே சில வரையறை செய்துகொண்டனர். மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது. அன்று 45 நாளாயிருந்த விசைப்படகுத் தடைக்காலம் முழுதும் கடலில் இறங்காதிருப்பது. பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைக் கைவிடுவது. அவர்களுள் ஒருவரான இலட்சுமி மூர்த்திக்கு 2015 இல் சீகாலஜி விருது கிடைத்தது. ஆய்வாளர் எண்ணிச் சொல்வதை இவர்கள் விரல் நுனியால் அறிந்திருக்கின்றனர் என்றே நான் கருதுகிறேன்.

அவர்கள் பறிக்கும் பாசி ஒன்றின் பெயர் மரிக்கொழுந்து, மற்றொன்று கட்டக்கோரை. நமக்கு மரிக்கொழுந்து கூந்தலில் சூடும் மணச்செடி. அவர்களுக்கு அது உப்புநீரில் விளைவது. இப் பொருளை அகராதியில் தேடிக் களைத்தேன். அடுத்த ஆண்டு நம் வட்டத்தார் நால்வர் ஐவராகச் சின்னப்பாலம் சென்று, பாருக்கும் மீனுக்கும் பாசிக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிவர வேண்டும் என்பது என் விண்ணப்பம். செலவுக்கு முதல் தொகையை நானே தருகிறேன்.