இரிடியக் கலசமும் உரைகல்லும்

(சென்னை மயிலாப்பூரில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் உலோக ஆராய்ச்சியைப் பற்றியதாகும். இதைப் பற்றிப் பேச உனக்கென்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நான் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவனல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நூல்நிலையத்தில் புத்தகங்களைப் புரட்டியும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததைத்தான் சொல்லப் போகிறேன். ஆதலால் நான் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்தியில் உரைத்துப் பார்த்து, சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

முதலில் என் சொந்தக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறேன். அவர் மந்தைவெளியில் தையற்கடை வைத்திருப்பவர். குடி, சூது ஒன்றும் அறியாத உழைப்பாளி. ஒரு நாள் மனைவியின் கழுத்துச் சங்கிலியையும் வளையல்களையும் எடுத்துக் கொண்டு அடகுக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒவ்வொன்றையும் உரைகல்லில் உரைத்தார். திராவகம் விட்டுப் பார்த்தார். தராசில் நிறுத்து, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தார். அரை மணி நேரம் சோதித்த பிறகே பணத்தைக் கொடுத்தார். அந்தப் பணத்தை அன்று மாலையே நமது சொந்தக்காரர் வேறொருவனிடம் கொண்டு போய்க் கொடுத்தார். எதற்காக? ஒரு செம்புக் கலசத்தில் பங்கு வாங்குவதற்காக! அந்தக் கலசத்தை யார் உரைத்துப் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. அதன் எடை என்ன? தெரியாது. கண்ணால் பார்த்தாரா? கைப்பேசியில் படம்தான் காட்டினார்களாம். பணம் போயிற்று, நகையும் மூழ்கிப் போயிற்று. இன்றைக்கும் அவர் வெட்கப்பட்டுக் கொண்டு வெளியில் சொல்லாமல் இருக்கிறார்.

தோழர்களே! இது ஒரு வீட்டுக் கதை அல்ல. "கோயில் கலசத்தின் மேல் இடி விழுந்தால் அதிலுள்ள செம்பு இரிடியமாக மாறிவிடும், அப்படி மாறிய கலசம் அரிசியைத் தன்பால் இழுக்கும், அதை வெளிநாட்டார் பல கோடி ரூபாய்க்கு வாங்கிக் கொள்வார்கள்" என்று சொல்லி ஏமாற்றும் கூட்டம் பல வருஷங்களாக இந்நாட்டில் நடமாடுகிறது. 2014-ல் வெளிவந்த 'சதுரங்க வேட்டை' என்னும் சினிமாவில்கூட இந்தப் பித்தலாட்டத்தைக் காட்டினார்கள். படம் பார்த்துச் சிரித்தோம், பிறகும் ஏமாறுகிறோம். படியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று எண்ணாதீர்கள். பட்டம் பெற்றவர்களும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் இதில் பணத்தைத் தொலைத்திருக்கிறார்கள். இந்தப் பேராசையினால் பல ஊர்க் கோயில்களில் கலசங்கள் திருட்டுப் போயிருக்கின்றன. கோபுரத்தின் உச்சியில் ஏறிக் கலசத்தைக் கழற்றியவன் நாத்திகனா? கலசத்துக்குச் சக்தி உண்டென்று நம்பியவன்தானே!

நிற்க, அரிசி எப்படிக் கலசத்தை நோக்கி ஓடுகிறது என்று பார்ப்போம். அரிசி காந்தத்துக்கு இழுபடும் பொருளல்ல. ஆனால் அரிசியில் இரும்புத் தூள் ஏறும்படி செய்துவிட்டு, பாத்திரத்துக்குள் ஒரு காந்தத்தை ஒளித்து வைத்தால், அரிசி ஓடத்தான் செய்யும். உங்கள் வீட்டு அரிசிப் பானையிலிருந்து நீங்களே ஒரு பிடி அரிசி கொண்டு போய் அந்தக் கலசத்தின் முன் வையுங்கள். ஒரு மணி அசைந்தாலும் என்னை வந்து கேளுங்கள்.

இதே காந்தத்தை யோக்கியமான காரியத்துக்கு உபயோகிப்பதும் உண்டு. கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல் கிடக்கிறது. 1909-ல் சோம்பெர்க் என்னும் ஜெர்மன் ரசாயன அறிஞர், திருவாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அக்காலத்துக் காஸ் விளக்கு மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அந்த மோனசைட்டில் உண்டு. நம்மவர்கள் நாரிலிருந்து உதறித் தள்ளிய மணலை ஒருவன் உற்றுப் பார்த்தான், அவ்வளவுதான் வித்தியாசம். இன்றும் அங்கே அந்த மணலைக் காந்த இயந்திரங்களில் விட்டுப் பிரிக்கிறார்கள். இல்மனைட் பலமாக இழுபடும். மோனசைட் குறைவாக இழுபடும். சிர்க்கான் இழுபடவே இழுபடாது. இந்த வேலையில் மந்திரமுமில்லை, ரகசியமுமில்லை.

அடுத்தபடியாக இடியைக் கவனிப்போம். மின்னலின் சூடு மிகக் கொடியதுதான். செம்பு 1085 டிகிரியில் உருகிவிடும். மின்னலோ அதைப் போல் இருபது மடங்குக்கு மேற்பட்ட சூடுள்ளது. ஆனால் உருகுவது வேறு, மாறுவது வேறு. செம்பின் அணுக்கருவில் 29 புரோட்டான்கள் உண்டு, இரிடியத்தில் 77. இடி விழுந்த செம்பு உருகலாம், கருகலாம், ஓட்டை விழலாம். ஆனாலும் அது செம்பேதான். வெயிலில் காய்ந்த மிளகாய் வெல்லமாக மாறுமா?

அப்படியானால் இரிடியம் என்று ஒன்று கிடையாதா என்றால், உண்டு. 1803-ல் ஸ்மித்சன் டெனன்ட் என்னும் ஆங்கிலேயர், பிளாட்டினத்தை ராஜ திராவகத்தில் கரைத்தபோது கரையாமல் அடியில் தங்கிய கறுப்பு வண்டலிலிருந்து அதைக் கண்டுபிடித்தார். அது உருகுவதற்கு 2446 டிகிரி சூடு வேண்டும். பழைய ஊற்றுப் பேனா முள்ளின் நுனியில் அது ஒரு பொட்டளவு கலந்திருந்தது. மோட்டார் வண்டிகளின் ஸ்பார்க் பிளக்கில் இன்றும் வைக்கிறார்கள். 1889 முதல் 2019 வரை உலகத்துக்கே கிலோ எடைக்கு ஆதாரமாகப் பாரிஸ் நகரத்துக்கு அருகில் வைத்திருந்த எடைக்கல், 90 பங்கு பிளாட்டினமும் 10 பங்கு இரிடியமும் கலந்து செய்ததாகும்.

அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாகம் தென்னாப்பிரிக்காச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே ஒரு டன் பாறையை உடைத்தால் பிளாட்டின வகை உலோகங்கள் எல்லாம் சேர்ந்து சில கிராம்தான் தேறும். அதிலும் இரிடியம் ஒரு சிறு பங்கே. உலகம் முழுவதிலும் ஒரு வருஷத்தில் எடுப்பது ஏழெட்டு டன்தான். பூமிக்கடியில் இறங்கி ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் பாடுபட்டு எடுக்கிற பொருளை, ஒரு இடி ஒரு நொடியில் கோயில் உச்சியில் செய்து வைத்துவிட்டுப் போகும் என்றால், அதை நம்புகிறவன் உழைப்பையே அவமதிக்கிறான் என்றுதான் சொல்லுவேன்.

அந்தப் பாறையிலிருந்து உலோகத்தைப் பிரிப்பது எப்படி? நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இது தெரிந்த வித்தைதான். அரிசியை அரிக்கும்போது கனமான கல் அடியில் தங்குகிறது. முறத்தில் புடைக்கும்போது உமி பறக்கிறது. சுரங்கத்திலும் அதையே பெரிய அளவில் செய்கிறார்கள். இன்னொரு முறையும் உண்டு. பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் கலந்து, வேண்டிய தாதுவின் மேல் மட்டும் தண்ணீர் ஒட்டாதபடி ஒரு மருந்தைச் சேர்த்து, அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விடுவார்கள். தாது குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையோடு மேலே வரும். வெறுங்கல் கீழே நின்றுவிடும். இதற்கு நுரைமிதப்பு முறை என்று பெயர். இந்த நுரைமிதப்பை உயரமான குழாய்த் தூண்களில் செய்வதைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்கள் எங்கோ சீமையில் மட்டும் இருப்பவர்களல்ல. இதோ தரமணியில், தேசிய உலோக ஆராய்ச்சிச் சாலையின் சென்னைக் கிளையில் செய்திருக்கிறார்கள். அடையாற்றுக்குப் பக்கத்தில் 1959-ல் ஏற்பட்ட ஐ.ஐ.டி.யில் உலோகவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. திருமயிலையில் பறக்கும் ரயிலில் ஏறினால் அரை மணிக்குள் தரமணி போய்விடலாம். ஆனால் நம் ஜனங்களுக்குக் கலசத் தரகன் வீடு தெரிகிறது, ஆராய்ச்சிச் சாலை தெரியவில்லை. இதற்கு ஜனங்கள் மாத்திரம் பொறுப்பல்ல. படித்தவர்கள் தாங்கள் கண்டதைத் தெருவில் நிற்பவனுக்கு அவன் பாஷையில் சொல்லாததும் ஒரு காரணமாகும்.

இனி, சோதிப்பது எப்படி என்று சொல்லி முடிக்கிறேன். ஒரு லிட்டர் பருமனுள்ள செம்புக் கட்டி சுமார் 9 கிலோ இருக்கும். ஈயமானால் 11 கிலோவுக்கு மேல். தங்கம் 19 கிலோவுக்கு மேல். இரிடியமானால் இருபத்திரண்டரை கிலோ! ஆகவே தண்ணீர் நிறைந்த ஒரு வாளியும் ஒரு தராசும் போதும். பொருளை நிறுங்கள், பிறகு அதைத் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி, வழிந்த தண்ணீரை அளந்து பாருங்கள். சங்கதி வெளியாகிவிடும். இன்னும் சந்தேகமானால் தியாகராய நகர் உஸ்மான் ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே நகைக்கடைகளில் எக்ஸ் கதிர் பாய்ச்சும் ஒரு சிறு இயந்திரம் இருக்கிறது. கீறாமல், உருக்காமல், எந்த உலோகம் எத்தனை பங்கு என்பதைச் சில நிமிஷங்களில் காட்டிவிடும். 2021 ஜூன் முதல், பல ஜில்லாக்களில் ஹால்மார்க் முத்திரையில்லாமல் தங்க நகை விற்கக்கூடாதென்று சர்க்கார் சட்டமும் செய்துவிட்டார்கள். ஒரு கிராம் மூக்குத்திக்கு 916 முத்திரை எங்கே என்று கேட்கிற நாம், பல லட்சம் கொடுக்கும் கலசத்துக்கு முத்திரை எங்கே என்று ஏன் கேட்பதில்லை?

கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? "இது ரகசியம், கதிர்வீச்சு உண்டு, கிட்டே போகக்கூடாது, ரிசர்வ் வங்கியில் பணம் வந்து காத்திருக்கிறது, சோதனை செலவுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கொடு" என்பான். தோழர்களே! சோதனைக்குப் பயப்படுகிற பொருள் எதுவானாலும், அது கலசமானாலும், கதையானாலும், அதில் கலப்படம் இருக்கிறதென்றே அர்த்தம். சுத்தத் தங்கம் எந்த உரைகல்லுக்கும் அஞ்சியதில்லை.

கடைசியாக ஏமாந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்காதீர்கள். நீங்கள் வாய் திறக்காததுதான் அந்தத் திருடனுக்கு முதல். போலீசில் சொல்லுங்கள், பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். என் சொந்தக்காரரையும் அப்படிச் சொல்லச் சொல்லித்தான் தினமும் மன்றாடிக் கொண்டிருக்கிறேன். இன்று அவர் இக்கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பெயரை நான் சொல்லமாட்டேன். அவரே ஒரு நாள் இந்த மேடைக்கு வந்து சொல்லுவார் என்று நம்புகிறேன். அந்த நாள் வந்தால், நான் பேசிய இந்தப் பேச்சுக்குத் தேவையே இராது.