கல்லும் பந்தும் கல்யாணப் பந்தலும்

(பங்கின் வெள்ளிவிழா இளைஞர் மாலையில் ஆய்வு மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"படிப்பும் குடும்பமும்" என்ற தலைப்பில் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். இரண்டையும் பழுதின்றி நடத்தியவர் யாரையாவது அழைத்திருக்கலாம். நான் இரண்டிலும் தடுக்கி விழுந்தவள். விழுந்த இடத்தைச் சொன்னால் பின்னால் வருகிறவர்கள் பார்த்து நடப்பார்களே என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

முதலில் என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கத்தாளை மீனின் தலைக்குள் வெள்ளைக் கல் இருக்கும் என்பதை இங்குள்ள தாய்மார்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. சிறுவயதில் நாம் அதைப் பொறுக்கி விளையாடியிருக்கிறோம். அது மீனின் உட்செவியில் இருக்கும் கல். மீன் வளர வளர அதுவும் அடுக்கடுக்காக வளரும். அதை மெல்லிய சீவலாக அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், வெட்டிய மரத்தில் தெரிவதுபோல வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணித்தான் மீனின் வயதைக் கணக்கிடுகிறோம். வயது தெரிந்தால்தான், எந்த அளவு மீனைப் பிடிக்காமல் விட்டுவைத்தால் கடலில் மீன் நிலைக்கும் என்று சொல்ல முடியும்.

குளிர்நாட்டுக் கடல்களில் பருவத்துக்குப் பருவம் வேறுபாடு பெரிது. வளையம் தெளிவாக விழும். நம் கடலில் அவ்வளவு தெளிவில்லை. ஒரு வளையம் என்பது ஓர் ஆண்டுதானா என்று உறுதிசெய்ய, மாதந்தோறும் மீன் வாங்கி, கல்லின் ஓரம் எந்த மாதத்தில் எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும். 2022 ஜனவரியில் தொடங்கி 24 மாதம் இப்படிப் பார்ப்பது என்று திட்டம். குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் விடியுமுன் போய் ஏலத்துக்கு நிற்பேன். ஒரு மாதம் தவறினால் சங்கிலியில் ஒரு கண்ணி போயிற்று.

அடுத்தது கால்பந்து. நம் குமரிக் கடற்கரையில் பிறந்த பிள்ளைக்குப் பந்துப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் அர்ஜென்டினா கட்சி. உலகக் கோப்பை மட்டும் என்றால் பாதகமில்லை. ஐரோப்பியக் கழகங்களின் ஆட்டங்கள் நம் நேரப்படி நள்ளிரவுக்கு மேல் தொடங்கும், அவற்றையும் விடமாட்டேன். விடிந்ததும் ஆய்வுக்கூடம். ஒரே கல்லை இரண்டு முறை எண்ண வேண்டும். முதலில் எண்ணியதைப் பார்க்காமல் இரண்டாம் முறை எண்ண வேண்டும் என்பது முறை. ஒரு மாதக் கணக்கில் இரண்டும் ஒத்துவரவே இல்லை. மூன்று என்று எழுதிய கல்லுக்கே மறுநாள் ஐந்து என்று எழுதியிருந்தேன். குற்றம் கல்லில் இல்லை, கண்ணில். அறுபது சீவல்களைத் திரும்ப எண்ணினேன்.

இந்த நிலையில்தான் கல்யாணப் பேச்சு வந்தது. எனக்கு வயது 28. "ஆராய்ச்சி எப்பம் முடியும்?" என்று அம்மா கேட்பார்கள். "முடியும்" என்பேன். எப்போது என்று சொன்னதில்லை. மாப்பிள்ளை பக்கத்துப் பங்கு. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். தம் ஊர் அணியின் கோல்காப்பாளர். அவர் வீடே பிரேசில் கட்சி. பிரேசில் 2022 டிசம்பர் 9இல் குரோஷியாவிடம் தோற்று வெளியேறியது. அதிலிருந்து ஒன்பதாம் நாள், டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு நிச்சயதார்த்தம். அன்றிரவு 8.30க்கு அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதும் இறுதி ஆட்டம்!

பெரியவர்கள் நாள் குறிக்க உட்கார்ந்தார்கள். 2023இல் தவக்காலம் பிப்ரவரி 22இல் தொடங்கியது. அதற்கு முன் முடிக்க வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். திருமண ஆயத்த வகுப்புக்கு இருவரும் போக வேண்டும். எல்லாம் கணக்குப் பார்த்து, "ஜனவரிக் கடைசி, சரிதானே?" என்று கேட்டார்கள். ஜனவரியில் எனக்கு மீன் எடுக்கும் வேலை. பிப்ரவரியில் ஆய்வுக்குழு முன் அறிக்கை. சொன்னால், 'படித்த திமிர்' என்பார்களோ என்ற பயம். அதைவிட வெட்கமான காரணம் ஒன்று உண்டு. மணி ஏழாகிவிட்டது. பேச்சு நீண்டால் ஆட்டம் போய்விடுமே! தலையாட்டிவிட்டேன்.

ஆட்டத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 80ஆம் நிமிடம்வரை அர்ஜென்டினா இரண்டுக்குப் பூஜ்யம் என்று முன்னிலை. நம் இளைஞர்கள் பட்டாசை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் எம்பாப்பே இரண்டு கோல் போட்டார். கூடுதல் நேரம் முடிந்தபோது மூன்றுக்கு மூன்று. பெனால்டியில் நாலுக்கு இரண்டு என்று அர்ஜென்டினா கோப்பையை வென்றது. ஊரே ஆடிற்று. அந்த ஆரவாரத்தில் கைப்பேசியைப் பார்க்கிறேன், ஆய்வு நெறியாளரிடமிருந்து ஒரு வரி: "ஜனவரி மாதிரி தவறக் கூடாது." நிச்சயதார்த்தம் நடந்ததே அவருக்குத் தெரியாது. மணந்துகொள்ளப் போகிறேன் என்றால், என்னை நம்பிப் பெரிய வேலை தரமாட்டார் என்று மறைத்திருந்தேன். கோப்பை வென்ற இரவில் நான் ஒருத்தி அழுதுகொண்டிருந்தேன்.

மறுநாள் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நேற்றே சொல்லியிருக்கலாமே" என்றார். அந்த ஒரு சொல் எந்த ஏச்சையும்விடச் சுட்டது. என்னைத் தம் அப்பாவிடம் அழைத்துப் போனார். நாற்பது ஆண்டு கடலுக்குப் போன மனிதர். மீன் எந்தப் படகில் வரும், எந்த மாதம் வராது என்று கேட்டார். "பெரிய மீனெல்லாம் விசைப்படகில்தான் வரும். தடைக்காலத்தில் எனக்குக் கூடத்து வேலை மட்டும்" என்றேன். அவர் சிரித்தார்.

"ஜூன் ஒண்ணு முதல் ஜூலை முப்பத்தொண்ணு வரை அறுபத்தொரு நாள் நம்ம கடலுக்கே ஓய்வு. போட்டெல்லாம் கரையில கிடக்கும். ஆம்பிளையெல்லாம் வீட்டுல இருப்பான். அப்பம் வச்சுக்கிட்டா என்ன மக்களே? இதை நீ நேத்தே சொல்லாம விட்டதுதான் குறை" என்றார்.

இத்தனை நாள் நான் தனியே முட்டிக்கொண்ட கணக்கை, மீன் அறிந்த அந்தப் பெரியவர் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிட்டார். நெறியாளரிடமும் போய்ச் சொன்னேன். "கல்யாணம் செய்துகொள், தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்" என்றார். அவ்வளவுதான். நான் அஞ்சியது எதுவும் நடக்கவில்லை.

2023 ஜூனில் மணம் நடந்தது. இடவப்பாதி மழையில் பந்தல் சொட்டச் சொட்ட நனைந்தது. அம்மா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள். 24 மாதக் கணக்கில் இரண்டு தடைக்காலமும் நீங்கலாக ஒரு மாதமும் விடுபடவில்லை. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு இப்போது வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கிறேன்.

தம்பி தங்கையரே, எனக்கு நேரம் போதவில்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் வாய்தான் போதவில்லை. நெறியாளருக்கு ஒரு நாட்காட்டி, வீட்டுக்கு ஒரு நாட்காட்டி, பந்துக்கு ஒரு நாட்காட்டி என்று வைத்து ஒன்றை மற்றொன்றுக்கு மறைத்தேன். இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் ஒரே நாட்காட்டி. திருவிழா, தடைக்காலம், ஆய்வுக்குழு, அவருடைய அணியின் ஆட்டம் எல்லாம் அதில்தான். நள்ளிரவு ஆட்டங்களை விட்டேன். இறுதி ஆட்டங்களை விடவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிடு என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன். எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி முனைவர் ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, மிகுதியாக ஆறு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்த்தலாம். மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள்வரை விடுப்பும் உண்டு. இது தெரியாமல் பாதியில் நிறுத்தப்பட்ட பெண்களை நான் அறிவேன். எனவே "எப்பம் முடியும்?" என்று கேட்பதோடு, "இந்த மாதம் என்ன வேலை?" என்றும் கேளுங்கள். என் மாமா அதைத்தான் கேட்டார். கேட்டதால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.